ஆக்கிரமிக்கப்படாத சமையலறை

ஓதிலோன் பெல்ஜியத்தின் லியர் ஊரில் டிராம் ஓட்டியவர். 1914இல் நாட்டைப் பிடித்த ஜெர்மானியர், கடிகாரங்களையெல்லாம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி பெர்லின் நேரமாக்கினார்கள். தன் சமையலறைக் கடிகாரத்தை மட்டும் அவர் மாற்றவில்லை.

பக்கத்து வீட்டு வக்கீல் எச்சரித்தார். "எதிரிப் படையோட அதிகாரம் நெசமா செல்லுற எடம்தான் ஆக்கிரமிச்ச எடம்னு போர் பத்தின ஹேக் சட்டம் சொல்லுது. இது அவங்க பிடிச்ச ஊருய்யா."

"அப்ப என் சமையலறைய இன்னும் பிடிக்கல. இங்க எவன் அதிகாரம் செல்லுதாம்?"

ஓராண்டு ஜெர்மானியர் நேரத்தில் டிராம் ஓட்டி, தன் நேரத்தில் சூப் குடித்தார். டிசம்பரில் ஒரு காலை, அந்தக் கடிகாரம் பத்தைக் காட்டியபோது, அங்கேயே இறந்தார்.

மகன் ஃபிர்மின் மின் பொறியாளர். இறப்பைப் பதிய நகர மன்றத்துக்குப் போனான். சமையலறைக் கடிகாரத்தில் பத்து என்றான்; எழுத்தர் அதைப் 'பதினொன்று' என்று எழுதினார்.

"பத்துங்க."

"உத்தரவு தம்பி. ஊருக்கே ஒரே நேரம்தான்."

"செத்தவருக்கும் உத்தரவா? பெரிய வல்லரசுதான்."

எழுத்தர் பதிவு நேரத்தைக் குறிக்கச் சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்தார். வெளியே மாதாகோயில் மணி அப்போதுதான் மூன்று அடித்து ஓய்ந்திருந்தது. அவர் கடிகாரத்தில் மணி இரண்டு.

ஃபிர்மின் அதையே பார்த்தான். எழுத்தர் கடிகாரத்தை மூடினார். பதினொன்றை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினார்.