முந்நூறு கிராம் கூடுதல்

போன வருடம், தைப்பூசத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது நடந்தது. பினாங்கை அடுத்த செபராங் ஜெயாவில் ஒரு மண்டபம். மறுநாள் அங்கே எனக்குக் கூண்டுச் சண்டை. குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்.எம்.ஏ.தான். சுங்கை பினாங் அடுக்குமாடியில் குடியிருந்து, பகலில் தொழிற்சாலை வேலைக்குப் போகிற எனக்கு அப்போது வயது முப்பத்தேழு. இந்த விளையாட்டில் அது பாட்டி வயது. அப்படிக் கேலி செய்தவர்களில் பாதிப் பேரைக் கூண்டுக்குள் சந்தித்துவிட்டேன். மூக்கு உடைந்திருக்கிறது, முழங்கால் மழைக்கு வலிக்கும். ஆனாலும் நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இதில் ஜெயித்தால் அடுத்தது பட்டத்துக்கான சண்டை. என் வயதுக்கு அப்படியொரு வாய்ப்பு மறுபடி வராது.

சண்டைக்கு முதல் நாள் எடை பார்ப்பார்கள். கூடுதலாக இருந்தால் சண்டை கிடையாது, எதிராளி சும்மாவே அடுத்த சுற்றுக்குப் போய்விடுவாள். எடை விஷயத்தில் நான் புலி. அன்று காலை எழுந்ததும் வீட்டு மெஷினில் பார்த்தேன், சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமையாயிற்றே, தலைக்குக் குளித்து, கொண்டை போட்டு, விபூதி வைத்துக்கொண்டு கிளம்பினேன். மண்டபத்தில் ஏறி நின்றால் முந்நூறு கிராம் கூடுதல்! ஒரு மணி நேரம் தவணை கொடுத்தார்கள்.

துளி நீர் குடிக்காத உடம்பில் இனி எதைக் குறைப்பது? எனக்குப் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் எங்கிருந்தோ கத்தரிக்கோலுடன் வந்தார்.

"வெட்டிரலாம்மா. வேற வழி இல்ல லா. முடிதானே, வளரும்."

"அது முருகனுக்குச் சேர வேண்டியது மாஸ்டர். சண்டை போனா போகட்டும், தொடாதீங்க."

என் மகள் டெங்கிக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நேர்ந்துகொண்ட முடி அது. தண்ணீர்மலை முருகன் கோயிலில் தைப்பூசத்தன்று கொடுப்பதாக வேண்டுதல். அதுவரை கத்தரியே படக்கூடாது என்று இடுப்பு வரை வளர்த்திருந்தேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "அழும்மா, அதுலயும் கொஞ்சம் எடை குறையும்" என்று ஆறுதல் சொன்னார் மாஸ்டர்!

எனக்கு எதிராக ஆட வந்தவள் ஈப்போவைச் சேர்ந்த ஒரு சீனப் பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். எடையில் தேறி, எதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து வந்தாள். வேடிக்கை பார்க்கத்தான் வருகிறாள் என்று எனக்கு எரிச்சல். அவளோ என் கொண்டையில் கைவைத்துப் பார்த்தாள்.

"அக்கா, முடி ஈரமா இருக்கே!" என்று மலாய் மொழியில் கத்தினாள்.

அவிழ்த்தால், பிழிந்தெடுக்கலாம் போல இருந்தது. இடுப்பு வரை இருந்த அடர்த்தியான முடி குளித்த தண்ணீரை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. எடை குறைக்கும் நாளில் வயிற்றோடு மூளையும் பட்டினி கிடக்கும், அதனால் இது எனக்குத் தோன்றவேயில்லை. மாஸ்டருக்கோ சுத்த வழுக்கை, அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

அவள் தன் பையிலிருந்து ஹேர் டிரையரை எடுத்தாள். அவளுடைய பயிற்சியாளர் சீன மொழியில் சத்தம் போட்டார். வார்த்தை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. அவள் காதில் வாங்கவில்லை. என் பின்னால் உட்கார்ந்து, சிக்கெடுத்து, வகிடு வகிடாகப் பிரித்து உலர்த்தினாள்.

"எதுக்கும்மா உனக்கு இந்த வேலை?" என்று கேட்டேன்.

"உங்களை அடிக்கத்தான் இத்தனை நாள் பயிற்சி எடுத்தேன். அடிக்காம வீட்டுக்குப் போகச் சொல்றீங்களா?" என்று சிரித்தாள்.

மறுபடி ஏறி நின்றேன். எடை சரியாக இருந்தது.

சொன்னபடியே மறுநாள் அடித்தாள். உதடு கிழிந்தது. மூன்றாவது சுற்றில் அவளைக் கீழே தள்ளிக் கையை மடக்கிப் பிடித்தேன், தோல்வியை ஒப்புக்கொண்டு என் தோளில் தட்டினாள். தைப்பூசத்தன்று மொட்டைத் தலையோடு மலையிறங்கினேன். பட்டமும் பிறகு கிடைத்தது.

அன்றைக்கு அவள் பேசாமல் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தாலே போதும், ஒரு குத்துகூட வாங்காமல் பட்டத்துக்கான சண்டைக்கு என் இடத்தில் அவள் போயிருப்பாள். தோற்கடிப்பதானால் முழு பலத்தோடு நிற்கிற என்னைத்தான் தோற்கடிக்க வேண்டும் என்று நினைத்தாளே, அதைவிடப் பெரிய மரியாதையை இத்தனை வருடத்தில் எனக்கு யாரும் செய்ததில்லை.