பழம் வரக்கூடாத கள்ளி

மாடி வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, அதில் பல் பல்லாக வரிசை பிடித்து செட் செய்து கொடுப்பது வேலை. தெருவில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. பல்செட்காரர் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். மேசை மீது எந்நேரமும் நாலைந்து வாய்கள் சிரித்துக்கொண்டிருக்கும். அந்தச் சிரிப்புகளுக்கு நேர் எதிரே, கிழக்கு ஜன்னலில், கொசுவலைக்கு உட்புறமாகக் கள்ளிச் செடிகள் இருந்தன.

ஆள் உயரக் கள்ளி எதுவும் அவரிடம் கிடையாது. எல்லாம் உள்ளங்கையில் அடங்குகிற வகைகள். எலுமிச்சம்பழ அளவில் ஒரு தலை இருக்கும். அதன் இடுப்பில் சுண்டைக்காய் போலக் குட்டிகள், அந்தக் குட்டிகளுக்கும் குட்டிகள் என்று நெருக்கியடித்துக்கொண்டு தொட்டியை நிரப்பிவிடும். பிளாஸ்டர் கலக்கும் ரப்பர் கிண்ணத்திலேயே அவற்றுக்கு மண் கலப்பார். பாதிக்கு மேல் பெருமணல், கொஞ்சம் செங்கல் துண்டு, மிச்சம்தான் மண். தூசி தங்கினால் ஈரம் தங்கும், ஈரம் தங்கினால் அடி அழுகும் என்பதால் எல்லாவற்றையும் இரண்டு தடவை சலிப்பார். மெழுகு செதுக்கும் கத்தியால் குட்டியைப் பிரித்து, வெட்டுவாய் நன்றாகக் காய்ந்த பிறகே நடுவார். அவர் கையில் செத்த செடி என்று ஒன்று உண்டென்றால், அவர் ஊரில் இல்லாதபோது மனைவி பாவம் பார்த்துத் தண்ணீர் ஊற்றியதாகத்தான் இருக்கும்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூலகத்தின் மேல்மாடியில் கள்ளி வளர்ப்பவர்கள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். குட்டிக்குக் குட்டி மாற்றிக்கொள்வார்கள். மிச்ச நேரம் வம்பளப்பார்கள். பல்செட்காரரின் குட்டி இல்லாத வீடு அவர்களில் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஜன்னலின் நடுவில், அகலத் தொட்டியில் இருந்த ஒரு கொத்திலிருந்து மட்டும் அவர் யாருக்கும் எதுவும் கொடுத்ததில்லை. வெள்ளை முள், நடுவில் கொக்கி போல வளைந்த ஒரு பழுப்பு முள், இளஞ்சிவப்புப் பூ, ஒவ்வொரு இதழின் நடுவிலும் பழுப்புக் கோடு. அந்த வகை அங்கே வேறு யாரிடமும் இல்லை. அதற்கு மகாராணி என்று பெயர் வைத்தவர் மருந்துக்கடைக்காரர்.

"மகாராணிக்கு இத்தனை பிள்ளைங்க இருக்கே சார். ஒண்ணைத் தத்துக் குடுத்தா குறைஞ்சா போயிடுவா?"

"அதை மட்டும் கேக்காதீங்க."

"வாயில இருக்கற பல்லைக் கேட்டாக்கூடக் கழட்டிக் குடுத்துடுவார். இதைக் குடுக்க மாட்டார்," என்று மருந்துக்கடைக்காரர் மற்றவர்களைப் பார்த்துச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். கஞ்சன் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வதும் அவர் காதுக்கு வந்ததுதான். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டார். காரணம் அவர் மனைவிக்கு மட்டும் தெரியும்.

அந்தச் செடியை வாங்கி வந்தவன் அவருடைய தம்பி. நடைபாதையில் விற்றவனிடமிருந்து, தகர டப்பாவில், ஒற்றைத் தலையாக. அப்போது பட்டறை அப்பாவுடையது. அண்ணன் தம்பி இருவரும் அவரிடம் வேலை பார்த்தார்கள். அண்ணனுக்குக் கை நிதானம். தம்பிக்குக் கையும் வேகம், வாயும் வேகம். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் செட்டை மாட்டிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னப்பா, குதிரைப் பல்லு மாதிரி இருக்கே," என்றார். "வாய்க்கேத்த பல்லுதாங்க," என்று தம்பி சொல்லிவிட்டான். அப்பா, வந்தவர் எதிரிலேயே அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அன்று சாயங்காலம் தம்பி பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அதற்குள் அந்த ஒற்றைத் தலை சின்னக் கொத்தாகியிருந்தது. வாசலுக்குப் போனவன் திரும்பி வந்து, அதில் ஒரு குட்டியைத் திருகி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"என் பங்கு இவ்வளவுதான். மிச்ச சொத்தை நீயே ஆளு."

"டேய், பையில போடாதடா. குத்தும்."

"இந்த வீட்ல குத்தினதை விடவா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்தால் மேல்வரிசையில் ஒரு பல், பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறி நிற்பது தெரியும். அண்ணன் அவனைக் கடைசியாகப் பார்த்தது அப்படித்தான். பிறகு ஏதோ ஒரு துறைமுக ஊரிலிருந்து ஒரு கார்டு வந்தது. 'குட்டி வேர் விட்டுவிட்டது' என்பதைத் தவிர அதில் வேறு சேதி இல்லை, முகவரியும் இல்லை. அப்பா இறந்தபோது அண்ணன் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். கப்பல் கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டார். பதில் இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் கொத்திலிருந்து யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார். அந்தச் செடி உலகத்தில் இன்னொரு இடத்தில் இருந்தால் அது தம்பி கையிலிருந்து போனதாக மட்டுமே இருக்க வேண்டும். இவரே நாலு பேருக்குக் கொடுத்து, அந்த நாலு பேர் நாற்பது பேருக்குக் கொடுத்துவிட்டால், நாளைக்கு எங்கேயோ ஒரு ஜன்னலில் அதைப் பார்க்கும்போது மனசு எதை நம்பும்?

"உங்க தம்பியை நான் கண்ணால பார்த்ததில்லை," என்பாள் மனைவி. "இதுக்குத் தண்ணி ஊத்தாதேன்னு உங்ககிட்ட திட்டு வாங்கி வாங்கியே எனக்கு அவர் சொந்தமாயிட்டார்."

இப்படி வருஷங்கள் போயின. தலைமுடி வெளுத்தது, கொத்து தொட்டி விளிம்பைத் தாண்டி வழிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரர் தன் போனை நீட்டினார்.

"மகாராணிக்கு ஒரு தங்கச்சி இருக்கா சார். இதைப் பாருங்க. தையல் டீச்சர் ஒருத்தங்க படம் போட்டிருக்காங்க."

பல்செட்காரர் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துப் போன் மீது வைத்தார்.

"விரலால இழுத்தாலே பெரிசாத் தெரியும் சார்!"

அவர் காதில் அது விழவில்லை. வெள்ளை முள், கொக்கி, இளஞ்சிவப்பில் பழுப்புக் கோடு. அன்று அவர் தன் செடிகளை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

அந்த வார இறுதியில் டீச்சரின் ஊருக்கு விடியற்காலை பஸ் ஏறினார். பல் செட் வைத்துக் கொடுக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில், மகாராணியின் பூக்கள் நாலைந்தைப் பஞ்சின் மேல் படுக்க வைத்து எடுத்துக்கொண்டார். கூடவே ஒரு மெல்லிய தூரிகை.

தையல் டீச்சர் வாயாடி. மாடிக்குக் கூட்டிப் போய், கையில் டீயைக் கொடுத்துவிட்டு, தன் செடிகள் ஒவ்வொன்றின் சரித்திரத்தையும் சொல்ல ஆரம்பித்தார். அந்தக் கொத்து ஒரு உடைந்த வாளியில் இருந்தது.

"இது எங்க கெடைச்சுது டீச்சர்?"

"வாங்கலை சார். நாங்க குடிவந்தப்பவே இங்கதான் இருந்துச்சு. எங்களுக்கு முன்னாடி இருந்தவர் விட்டுட்டுப் போனது."

"யாரு அவர்?"

"தனி ஆளாம். அச்சாபீஸ்ல வேலையாம். வாயைத் திறந்தா கிண்டல்தானாம். வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

அவர் டீ டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார்.

"சிரிச்சா மேல ஒரு பல்லு பக்கத்துப் பல்லு மேல ஏறியிருக்கும்னு சொன்னாரா?"

டீச்சர் விழித்தார். "பல்லா? குடியிருந்தவர் பல்லைப் பத்தி எந்த வீட்டுக்காரர் சார் சொல்வார்?"

"அந்த வீட்டுக்காரரைப் பார்க்க முடியுமா?"

"அவர் தவறிப்போய் ரொம்ப நாளாச்சே."

டீச்சர் உற்சாகத்தோடு, "சரி விடுங்க. நான் ஒரு குட்டி தரேன், நீங்க உங்களோடதுல ஒண்ணு தாங்க," என்றார்.

"நான் கொண்டு வரலை."

"பரவாயில்லை, பார்சல்ல போடுங்க."

"தர முடியாதுங்க."

டீச்சரின் முகம் மாறியது. "இவ்வளவு தூரம் வந்து, என் டீயையும் குடிச்சிட்டு, ஒரு குட்டி கிடையாதுங்கறீங்க. நல்ல ஆளு சார் நீங்க!"

அப்போதுதான் அவர் சொன்னார். வெளி ஆள் ஒருவரிடம் சொல்வது அதுவே முதல் தடவை. கன்னத்தில் விழுந்த அறை, சட்டைப் பை, கார்டு எல்லாம் சொன்னார். டீச்சர் முந்தானையால் வாளியின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அதே செடிதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று கடைசியில் கேட்டார்.

அவர் டப்பாவைத் திறந்தார். இந்த வகையில் ஒரு செடியின் மகரந்தத்தை அதே செடியின் பூவில் தடவினால் காய் பிடிக்காது. அவரும் எத்தனையோ வருஷம் பூவுக்குப் பூ தடவிப் பார்த்துவிட்டார், ஒரு பழம்கூட வந்ததில்லை. குட்டியைப் பிரித்து வேறு ஊரில் வைத்தாலும் அது வேறு செடி ஆகிவிடாது, பழைய செடியின் ஒரு துண்டுதான். அதனால் இந்த இரண்டும் ஒரே செடியாக இருந்தால், ஒன்றின் மகரந்தம் மற்றதில் பிடிக்கப்போவதில்லை.

"பழம் வந்தா வேற செடி. வராட்டி..."

"வராட்டி அதே செடி."

"அதே செடியா இருக்கலாம்," என்று அவர் திருத்தினார். "வந்துட்டா சந்தேகமே இல்லை."

டீச்சர் அவரையே பார்த்தார். "பழம் வரக்கூடாதுன்னு நினைச்சுப் பூவுல தூரிகை வெச்ச முதல் ஆளு நீங்கதான் சார்."

பூக்களில் மகரந்தம் தடவி, தடவிய இடத்தருகே சிவப்புத் தையல் நூல் கட்டினார்கள். திரும்பும்போது டீச்சர் கொடுத்த பூக்கள் அதே டப்பாவில் வந்தன. மறுநாள் காலை மகாராணிக்கும் அதே வைத்தியம் நடந்தது.

அதன் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. இந்தப் பழம் பூ வாடியதும் வெளியே தெரிவதில்லை. செடியின் உடம்புக்குள்ளேயே ஒளிந்து வளர்ந்து, மாதங்கள் கழித்து ஒருநாள் சின்ன மிளகாய் போலச் சிவப்பாக வெளியே துருத்தும். மற்ற கள்ளிக்காரர்கள் அதற்குத் தவம் கிடப்பார்கள். அவரும் அந்தச் சிவப்பைப் பார்க்க ஒரு காலத்தில் ஏங்கியவர்தான். இப்போது தினமும் காலையில் லென்ஸை வைத்து முள்ளுக்கு முள் தேடி, ஒன்றும் இல்லை என்று கண்ட பிறகே வேலைக்கு உட்கார்ந்தார்.

"இன்னிக்கும் ஒண்ணும் இல்லையே?" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

"இல்லை."

"அப்பாடா. ஊர்ல எல்லாரும் காய்க்கலையேன்னு கவலைப்படுவாங்க. நம்ம வீட்ல காய்ச்சிடுமோன்னு கவலை."

நாள் போகப் போக அவளுக்கும் தைரியம் வந்தது. "உங்க தம்பி வந்தா எங்கங்க படுக்க வைக்கறது? முன்னறை பூரா பல்லா கெடக்கு," என்று சொல்லிக்கொண்டே பழைய பிளாஸ்டர் மூட்டைகளை மாடிப்படிக்குக் கீழே தள்ளினாள். அவர் மூட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

தம்பிக்கும் வயதாகியிருக்கும். பல் போயிருந்தாலும் போயிருக்கும். ஒருநாள் வேலை ஓய்ந்த நேரத்தில், யாருடைய அளவும் இல்லாமல் மெழுகில் ஒரு மேல்வரிசை கட்டினார். ஒரு பல்லை மட்டும் பக்கத்துப் பல்லின் மேல் ஏற்றி வைத்தார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "யாரோடது இது? கோணலா இருக்கே."

"கோணலாத்தான் இருக்கணும்."

அவள் போனதும், விளக்கின் மேல் காட்டி அந்த மெழுகை அவரே உருக்கிவிட்டார்.

பருவம் மாறித் தெருவில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் டீச்சர் போன் செய்தார். எப்போதும் எடுத்த எடுப்பில் பேச ஆரம்பிக்கிறவர், "சார்," என்று சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"சொல்லுங்க டீச்சர்."

"சாப்பிட்டீங்களா?"

"எத்தனை வந்திருக்கு?"

"ரெண்டு சார்."

"உங்க மாடியில தேனீ வரும். வேற தொட்டியில இருந்து ஏதாவது..."

"வரும் சார். நிறைய வரும். அதாத்தான் இருக்கும்."

"நூல் கட்டின இடத்துலயா?"

"ஆமா சார்."

"உங்க செடி நல்லா இருக்குன்னு அர்த்தம். அடியில தண்ணி தேங்காமப் பாத்துக்குங்க," என்று சொல்லிப் போனை வைத்தார். தேனீயின் வேலைதான் என்ற நினைப்பை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார். அவருடைய ஜன்னலில் கொசுவலை இருந்தது, தேனீ நுழைய வழியில்லை. இங்கே பழம் எதுவும் வராதவரை கணக்கு முடியவில்லை.

ஒரு காலையில் சமையலறையிலிருந்து கேள்வி வரவில்லை. மனைவி ஜன்னலருகே, கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தாள். அவர் லென்ஸை எடுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இரண்டு குட்டிகளுக்கு நடுவே தீக்குச்சித் தலை அளவில் சிவப்பு எட்டிப் பார்த்தது. நாலைந்து நாளில் நகத்தின் நீளத்துக்கு வளர்ந்து, பளபளவென்று நின்றது. அவ்வளவு அழகான ஒன்றை அந்த ஜன்னலில் அவர் பார்த்ததில்லை.

விஷயம் தெரியாத மருந்துக்கடைக்காரர் பார்க்க வந்து கை தட்டினார். "மகாராணி பெத்துட்டா! விதையாவது தருவீங்களா, இல்லை அதுக்கும் பூட்டா?"

"இது ஒண்ணுதான் வந்திருக்கு," என்றார் அவர்.

மருந்துக்கடைக்காரர் போன பிறகு பல்செட்காரர் பழத்தை இடுக்கியால் மெல்ல இழுத்தார். எதிர்ப்பில்லாமல் வந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மேசை முன் உட்கார்ந்தார்.

"விதைக்கலையா?" என்றாள் மனைவி.

"விதைச்சா இதே முகத்துல பத்து வரும், இருபது வரும். ஒவ்வொண்ணும் வேற. எதைப் பார்த்தாலும் அவனோடதுன்னு தோணும்."

"அப்ப என்ன பண்றது?"

"திங்கலாம்."

மெழுகுக் கத்தியால் இரண்டாக நறுக்கி ஒரு பாதியை அவளுக்குக் கொடுத்தார். அவள் நாக்கு நுனியில் வைத்து முகத்தைச் சுளித்து, பிறகு, "அட, நல்லாத்தான் இருக்கு. லேசாப் புளிக்குது," என்றாள். சற்றுப் பொறுத்து, "என்னங்க, அந்த ஊர்ல இருந்தது அவர் இல்லைன்னு ஆச்சு. அவ்வளவுதானே? அவரே இல்லைன்னு ஆகலையே," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். கடுகிலும் சிறிய கறுப்பு விதைகள் பல்லிடுக்கில் மாட்டியிருந்தன. நாக்கால் துழாவி எல்லாவற்றையும் எடுத்துத் தின்று முடித்தார்.

"அந்த அச்சாபீஸ்காரர் யாரோ," என்றார் பிறகு. "இவ்வளவு நாள் வளர்த்ததை மாடியிலயே விட்டுட்டு எங்க போனாரோ."