அட்டைகளின் ஜாடை

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை அட்டைக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். குளத்து அட்டைகளை மைக்ராஸ்கோப்பில் வைத்து அளப்பது அவள் வேலை. உடம்பின் நீளம், அகலம், முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளும் உறிஞ்சிகளின் குறுக்களவு. கேட்க எளிது. ஆனால் அட்டை நூலாக நீளும், அடுத்த நொடியே பட்டாணியாகச் சுருளும். அதனால் தண்ணீரில் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அது மயங்கித் துவளும்வரை காத்திருப்பாள்.

அந்த அளவுகளை வைத்து, எந்த அட்டைக்கு எது நெருங்கிய சொந்தம் என்று ஆய்வாளர் அம்மா வம்சப்படம் வரைந்திருந்தார். மீனில் ஒட்டி வாழும் இரண்டு வகைகள், பெரிய பின் உறிஞ்சியோடு, அதில் அக்கா தங்கைபோல அருகருகே இருந்தன.

மரபணுச் சோதனை முடிவு வந்ததும் எல்லாம் குழம்பியது. அந்த இரண்டும் தூரத்துச் சொந்தமாம். அவற்றில் ஒன்றுக்கு, கொஞ்சமும் ஜாடை இல்லாத சேற்று அட்டைதான் நெருங்கிய உறவாம்.

“நான்தான் தப்பா அளந்துட்டேனாம்மா?”

“மறுபடி அளந்து பாரு.”

அளந்தாள். இம்மியும் மாறவில்லை.

“உன் அளவு சரிதான். ரெண்டும் மீனைக் கெட்டியா பிடிச்சுக்கணும். ஒரே பிழைப்பு, அதனால ஒரே உடம்பு வந்திருக்கலாம்.”

“அப்ப எதைத்தான் நம்புறது?”

“அதான் எனக்கும் பிடிபடல.”

அப்போது வாசல் காவலாளி போனில் அழைத்தார். “உங்க தங்கச்சின்னு ஒருத்தங்க நிக்கிறாங்க. ஜாடையே இல்லையேன்னு உள்ள விடல. உங்க அண்ணன் வந்து தங்கச்சிதான்னு சொல்றாரு.”

“எனக்கு அண்ணனே கிடையாதே!”

பதறி இறங்கி ஓடினாள். சாப்பாட்டுப் பையோடு நின்றது அவள் கணவர். பக்கத்தில் தங்கை கொதித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரே வயித்துல பிறந்த நான் வெளியாளாம். அத்தான் உன் அண்ணனாம்!”

காவலாளி நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஒண்ணா குப்பை கொட்டி மூஞ்சியும் ஒண்ணாயிடுச்சு போல” என்று கணவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மூக்கா, தாடையா, எதை வைத்துச் சொல்வது?

மேலே திரும்பியபோது ஆய்வாளர் அம்மா அளவுகளை வைத்து வரைந்த வம்சப்படத்தையும் மரபணுவை வைத்து வரைந்த புது வம்சப்படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்.

“ரெண்டும் இருக்கட்டும். இனிமே அட்டையோட கண்களுக்கு நடுவுல உள்ள இடைவெளியையும் அள.”

“அது மட்டும் ஏமாத்தாதாம்மா?”

“தெரியலியே.”

அட்டைக்கா பெருமூச்சு விட்டு, அடுத்த குப்பியைத் திறந்தாள்.