அப்பா பெயரில் வந்த நாய்க்குட்டி

இரண்டு வருஷ டெபுடேஷனில் நான் ஜெர்மனி போனபோது மகளுக்கு எட்டு வயது. டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் அவளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். காலைக் கட்டிக்கொண்டு அழுதவளிடம், "வரும்போது நிஜமான டாக்ஸ்ஹண்ட் நாய்க்குட்டி கொண்டு வரேன்டி" என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன். அதை நம்பித்தான் என்னைப் போகவிட்டாள்.

குட்டி ஹங்கேரியில் நாய் வளர்த்து விற்கிற ஒரு ப்ரீடரிடம் கிடைத்தது. எல்லாம் ஈமெயில்தான். ஃபாரத்தில் சர்நேம் கேட்டிருந்தார். நமக்கு ஏது சர்நேம்! பாஸ்போர்ட்டில் உள்ளபடி என் அப்பா பெயரை எழுதினேன். அந்த மனுஷன் கண்ணில் என் பெயர் படவேயில்லை. மறுநாளே "டியர் மிஸ்டர்" என்று அப்பா பெயருக்கு மெயில் வந்தது.

அப்பா போய் ஆறு வருஷம். அந்தப் பெயருக்கு யாரும் எதுவும் எழுதுவதில்லை. இவர் மட்டும் வாரம் தவறாமல், நலமா, குட்டி கண் திறந்துவிட்டது என்று அப்பாவுக்கு எழுதினார். திருத்தியிருக்கவேண்டும். திருத்தவில்லை. படிக்கப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். பைத்தியக்காரி நான்.

டெல்லி ஏர்போர்ட்டில் அதிகாரி குட்டியின் பேப்பர்களைப் புரட்டினார். எல்லாவற்றிலும் சொந்தக்காரர் மிஸ்டர் இன்னார் என்றுதான் இருந்தது. பிறகு என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் அதே பெயர்.

"அச்சா, நாய் உங்க அப்பாவுது. அவரைக் கூப்பிடுங்க" என்றார் ஹிந்தியில்.

"அவர் இறந்துட்டார்."

"செத்தவர் போன மாசம் நாய் வாங்கினாரா மேடம்?"

கூண்டுக் கம்பி வழியாகக் குட்டி என் விரலை நக்கிக்கொண்டிருந்தது. ப்ரீடரிடம் திருத்திய சர்டிபிகேட் கேட்டுக் கெஞ்சினேன். அது வருவதற்குள் அதிகாரி கொடுத்த கெடு முடிந்து, குட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

மகள் அழவில்லை. பால்கனியில் போட்டிருந்த குட்டி மெத்தையைச் சுருட்டிக்கொண்டே, "ஏம்மா விடல?" என்று கேட்டாள். நிஜத்தைச் சொல்ல வாய் வரவில்லை. "அந்த ஏர்போர்ட் படுபாவி விடமாட்டேன்னுட்டான்" என்றேன்.

பாவம், அந்த மனுஷர் தன் வேலையைத்தான் பார்த்தார். இன்றைக்கும் ஏர்போர்ட் பக்கம் போனால் மகள் "கந்தா ஆத்மி, கெட்ட மனுஷன்!" என்று அவரைத் திட்டுவாள். நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன்.