டயருக்குக் காற்றடித்தால் கூரை உயரும்

சொந்தத் தொழில் தொடங்கிய முதல் நாளில் நான் பார்த்த முதல் வேலை, எங்கள் வீட்டுக் கழிவறை ஃபிளஷ்ஷைச் சரிசெய்தது. என் தொழில் லோரி. அதை அம்மாவிடம் யார் போய்ச் சொல்வது?

"டிப்ளோமா வச்சிருக்க. தண்ணி நிக்காம ஓடுது, அத நிறுத்தத் தெரியாதா?" என்றார்.

நான் வாங்கியது மெக்கானிக்கல் டிப்ளோமா. ஆனால் எங்கள் குடும்பத்தில் இடைநிலைப்பள்ளியை முடித்து அதற்கு மேலும் படித்த முதல் ஆள் நான்தான். அப்படி ஒருவன் வீட்டில் இருந்தால் அவனுக்கு எல்லாம் தெரியும் என்பது சொந்தக்காரர்களின் நம்பிக்கை. சித்தியின் கைப்பேசி, பெரியப்பாவின் ரத்த அழுத்த மெஷின், யாரோ ஒருவர் வீட்டு டி.வி. ரிமோட், எல்லாம் என்னிடம் வந்தன. ஒருவர் மட்டும்கூட "தம்பி, நீ என்னா படிச்ச?" என்று கேட்டதில்லை.

இப்போது கல்லூரித் தம்பிகள் சிலர் கேட்கிறார்கள், "அண்ணே, சொந்தமா லோரி ஓட்டுறீங்களாமே, எப்படித் தொடங்குனீங்க?" என்று. தன்னம்பிக்கை, திட்டமிடல், விடாமுயற்சி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நடந்தது வேறாக இருப்பதால் நடந்ததையே எழுதுகிறேன்.

படுத்துக் கிடந்த லோரி

செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு வேலையில் இருந்தேன். ஒரு நாள் எங்களை எல்லாம் கூட்டி வைத்து, "நீங்கள் எங்கள் குடும்பம்" என்றார்கள். மறுவாரம் எங்கள் லைனை மூடிவிட்டார்கள். குடும்பம் என்று சொல்லும்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

மாமா மகன் கணேசன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். விடியும் முன்பே கூலாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி, எல்லைப் பாலத்து நெரிசலில் ஊர்ந்து போய், இருட்டிய பிறகு திரும்புவான். அவன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். அம்மாவுக்கு அத்தனை சந்தோஷம்.

எனக்கு வேறொரு யோசனை இருந்தது. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், மாதத்துக்கு நாலு பேராவது வீடு மாறுகிறார்கள். சாமான் ஏற்ற லோரி கிடைக்கும். ஆனால் ஃபேனைக் கழற்றி, தண்ணீர் ஹீட்டரைக் கழற்றி, போகிற வீட்டில் திரும்ப மாட்டிக் கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. இரண்டையும் ஒரே ஆள் செய்தால்? லோரியும் வீட்டு வாசலிலேயே இருந்தது. அப்பா முன்பு எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிய ஒரு டன் லோரி அது. சர்க்கரை வியாதியில் அவருக்குக் கண் மங்கியதிலிருந்து கார் போர்ச்சில் படுத்துவிட்டது. பெர்மிட்டை மட்டும் அப்பா விடாமல் புதுப்பித்து வந்தார். ஓடாத லோரிக்கு எதற்குப் பெர்மிட் என்று கேட்டால், "லோரி இல்லாம பெர்மிட்ட மட்டும் வச்சிருந்தா நல்லாவா இருக்கும்?" என்பார். இதற்குப் பதில் என்ன என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

படுத்த லோரி மறுபடி சாலையில் ஓட வேண்டுமானால் வாகனச் சோதனையில் பாஸாக வேண்டும். அம்மா ஒரு ஒப்பந்தம் போட்டார்.

"வெள்ளிக்கெழம இன்ஸ்பெக்‌ஷன்ல பாஸாயிடுச்சுன்னா லோரி ஓட்டு. இல்லாட்டி திங்கக்கெழம கணேசன் பின்னால ஏறிடணும். பெசி புரோக்குன்னு பழைய இரும்பு வாங்குறவன் வந்து இத இழுத்துட்டுப் போவட்டும். என் வாசல் எனக்கு வேணும்."

அதற்குள் ஒரு வேலையும் பிடித்துவிட்டேன். யோங் பெங்கிலிருந்து கூலாய்க்கு மாற்றலாகி வரும் ஒரு டீச்சர். போனில் அவர் கேட்ட முதல் கேள்வியே, "ஃபேன் எல்லாம் மாட்டித் தருவீங்களா தம்பி?" என்பதுதான். சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டேன். லோரி ஸ்டார்ட் ஆகாது என்கிற சின்ன விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. டீச்சர்களுக்கு ஏற்கெனவே ஆயிரம் கவலை.

டேங்கின் அடியில் டீசல் கஞ்சியாகக் கிடந்தது. டேங்கை இறக்கிக் கழுவி, ஃபில்டர் மாற்றி, பிரேக் பம்ப்புக்குப் புது ரப்பர் போட்டேன். இஞ்செக்டர் லைனில் காற்று அடைத்திருந்ததால் நட்டுகளை இளக்கி, அப்பாவைச் சாவி திருப்பச் சொல்லி, காற்றை வெளியேற்றினேன். நான் லோரிக்கு அடியில் போனால் போதும், அம்மாவுக்கு வீட்டில் ஏதாவது ஒன்று உடைந்துவிடும். சமையலறைக் குழாய். அப்புறம் கதவுக் கீல். ஃபேன் ஏன் கிர்ரென்கிறது? கிளட்ச் எண்ணெய்க் கையோடு அரிசி டின் மூடியைக்கூட நிமிர்த்திக் கொடுத்திருக்கிறேன்.

அப்பா உதவி செய்தார். அதாவது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பாராட்டினார். ஸ்டார்ட்டர் கரகரவென்றது.

"நல்ல சத்தம்டா."

பெல்ட் கீச்சென்றது.

"அதுவும் நல்ல சத்தம்தான்."

"அப்பா, கெட்ட சத்தம்னா எப்படிப்பா இருக்கும்?"

"நம்ம லோரியில அதெல்லாம் வராது."

தூண்

புதன்கிழமை எஞ்சின் பிடித்துக்கொண்டது. வாசல் முழுக்கக் கறுப்புப் புகை. துணி காயப்போட்டிருந்த எதிர்வீட்டு அக்கா சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அப்பா எழுந்து நின்று கைதட்டினார். நானும் ஒரு நிமிடம் பெருமையில் நின்றுவிட்டு கியரைப் போட்டேன்.

"டேய், எடுக்காத!" என்று அப்பா கத்தினார். "கூரை அதுமேலதான் நிக்கிது."

உண்மைதான். போர்ச்சின் தகரக் கூரையைத் தாங்கிய மரத்தூணைப் போன வருஷம் கரையான் தின்றுவிட்டது. நான் அப்போது ஷிஃப்ட்டில் இருந்ததால் அப்பாவே வேலையை முடித்துவிட்டார். லோரியின் கம்பிக் கூண்டில் ஒரு மரச்சட்டத்தை போல்ட் போட்டு இறுக்கி, அதன் தலையில் கூரை உத்தரத்தை ஏற்றி வைத்தார். தற்காலிகமாகத்தான். எங்கள் வீட்டில் தற்காலிகமாகச் செய்த எதையும் யாரும் பிறகு தொட்டதில்லை. ஓடாத லோரியும் சாயாத கூரையும் ஒன்றுக்கொன்று துணையாக இருந்தன. நான்தான் நடுவில் புகுந்து கெடுத்தேன்.

பரவாயில்லை, படித்தவன் இருக்கிறேனே. தரையிலிருந்து உத்தரம் வரை டேப் பிடித்து அளந்து, மில்லிமீட்டர் சுத்தமாகக் குறித்து, இரும்புக் கடையில் தூண் வெட்டிக்கொண்டு வந்தேன். அளவெடுப்பது எப்படி என்று அப்பாவுக்கு விளக்கமும் கொடுத்தேன். அவரும், "நல்லா அளந்திருக்க" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை எதிர்வீட்டிலிருந்து காற்றடிக்கும் பம்ப்பை இரவல் வாங்கி, வருஷக்கணக்காகச் சப்பிக் கிடந்த டயர்களுக்குக் காற்றடித்தேன். லோரி மெல்ல எழுந்தது. கூண்டும் எழுந்தது. அதன்மேல் சட்டம், சட்டத்தின்மேல் கூரை, எல்லாம் பணிவோடு எழுந்தன. தூணைக் கொண்டுபோய் நிறுத்தினால் நாலு விரல் குட்டை. நான் சப்பை டயர் உயரத்துக்கு அளந்திருக்கிறேன். மில்லிமீட்டர் சுத்தமாக.

"காத்த எறக்கிடு லா," என்றார் அப்பா.

"சப்பை டயர்ல இன்ஸ்பெக்‌ஷன் போறதா?"

"அப்ப காத்தோட போ."

ஏற்றிவிட்ட கூரையை இறக்கிப் பார்க்க நேரமில்லை. வெள்ளிக்கிழமை என்பதால் சோதனை நிலையம் மதியத் தொழுகைக்கு மூடிவிடும், எனக்குக் கிடைத்த நேரம் அதற்குள்தான். கையில் கிடைத்தது நட்டு கழற்றும் என் சோக்கெட் ஸ்பானர் செட்டின் இரும்புப் பெட்டி. படுக்க வைத்தால் சரியாக நாலு விரல் உயரம். தூணுக்கு அடியில் தள்ளினேன். கச்சிதம். மரச்சட்டத்தின் தலையை உத்தரத்திலிருந்து விடுவித்தேன். கூண்டோடு இருந்த கீழ்ப்பக்க போல்ட்டைத் திரும்பி வந்து கழற்றிக்கொள்ளலாம் என்று லோரியை வெளியே எடுத்தேன். கூரை நின்றது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

வீட்டைக் கழற்றிவிட்டு வா

சோதனை நிலையத்தில் பிரேக் பாஸ். ஹேண்ட் பிரேக் பாஸ். புகை, நான் கண்ணை மூடிக்கொண்டு நின்ற புகையும் பாஸ். கடைசியில் அதிகாரி லோரியைச் சுற்றி வந்தார். பின்பக்கம் நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மலாயில்தான் பேசினார், தமிழில் போடுகிறேன்.

"மேலே நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது என்ன?"

"எங்கள் வீட்டுத் தூண், ஐயா."

"வீடு எங்கே?"

"கூலாயில்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த இன்னோர் அதிகாரியைக் கூப்பிட்டு, அவரும் பார்க்கட்டும் என்று காட்டினார்.

"தம்பி, லோரியில் இஷ்டத்துக்கு ஒன்றைப் பொருத்தக்கூடாது. வீட்டைக் கழற்றிவிட்டு வா. மூடுவதற்குள் வந்தால் பார்க்கிறேன்."

ஒரே ஒரு போல்ட். ஆனால் நட் கம்பிச் சட்டத்தின் குழிக்குள் ஒளிந்திருந்தது. நீளமான சோக்கெட் இல்லாமல் எட்டாது. வரிசையில் நின்ற லோரிக்காரர்களிடம் கேட்டேன். ஒருவரிடம் ஸ்குரூ டிரைவர் இருந்தது. இன்னொருவரிடம் ஒரு சுத்தியல் இருந்தது, "அடிச்சுப் பாரு" என்கிற ஆலோசனையோடு. என் சோக்கெட் செட்டோ வீட்டில் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா போனை வாங்கிவிட்டார்.

"என்னா ஆச்சு? ஃபெயிலா?"

"இன்னும் இல்லம்மா. அந்தச் சோக்கெட் பெட்டி வேணும். தொழுகைக்கு மூடுறதுக்குள்ள கழட்டணும். எதிர்வீட்டு அண்ணன்கிட்ட குடுத்து விடறீங்களா?"

மறுமுனையில் முருங்கைக்கொத்தை உதறும் சத்தம் கேட்டது. எனக்குப் புரிந்தது. அம்மா ஒன்றுமே செய்ய வேண்டாம். போனை வைத்துவிட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் போதும், திங்கட்கிழமை நான் கணேசன் மோட்டாரில் இருப்பேன். வாசலும் காலியாகிவிடும். அவர் கேட்டது அத்தனையும் ஒரு கீரைக்கட்டு தூரத்தில் இருந்தது.

"அவரு வேலைக்குப் போயிட்டாரு," என்றார். லைன் அறுந்தது.

லோரியின் படியில் உட்கார்ந்தேன். வேலிக் கதவருகே காவலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோங் பெங் டீச்சருக்கு என்ன பொய் சொல்லலாம் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக் கப்சாய், சந்தைக்குப் போகும் சின்ன மோட்டார் சைக்கிள். ஹெல்மெட், வீட்டு நைட்டிமேல் அப்பாவின் பழைய ஜாக்கெட், முன்கூடையில் சோக்கெட் பெட்டி. காவலாளி தடுக்கக் கையை உயர்த்தினார். அம்மா அவரைப் பார்க்கக்கூட இல்லை.

"என்னா முழிக்கிற? எடு," என்றார்.

"அம்மா, இத எடுத்துட்டு வந்துட்டீங்களே, கூரை?"

"உங்கப்பா புடிச்சிட்டு நிக்கிறாரு."

"ஒரு செங்கல்ல வச்சிருக்கலாமே!"

"செங்கல் தேடுறதுக்குள்ள மூடிருவான். நீதான சொன்ன? கழட்டுடா மொதல்ல. பேச்சு!"

கழற்றினேன். அவசரத்தில் சோக்கெட் நட்டில் உட்காராமல் நழுவிக்கொண்டே இருந்தது. கீழே நின்று அம்மா, "டிப்ளோமா, டிப்ளோமா" என்று எனக்கு உற்சாகம் ஊட்டினார். மரச்சட்டம் இறங்கியதும் அதிகாரி வந்து, மேலே பார்த்து, அம்மாவையும் ஒரு முறை பார்த்துவிட்டு, சீட்டில் முத்திரை குத்தினார்.

"பாஸா?" என்றார் அம்மா.

"பாஸ்."

அம்மா உடனே ஜாக்கெட் பையிலிருந்து போனை எடுத்தார்.

"கணேசா, அத்தை பேசுறேன். திங்கக்கெழம நீ மட்டும் போப்பா. இவன் வரல." அந்தப் பக்கம் அவன் ஏதோ கேட்டான். "தெரியலப்பா. எப்படிப் பொழைக்கப் போறான்னு எனக்கும்தான் தெரியல. வரல, அவ்ளோதான்."

பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "சீக்கிரம் வா. அங்க மனுசன் நிக்கிறாரு" என்று கிளம்பிவிட்டார். நான் பின்னாலேயே ஓட்டினேன். லைசென்ஸ் எடுத்தபோது எனக்கு ஓட்டுநர் பயிற்சி தந்தவர்கள்கூட அவ்வளவு கண்டிப்பாக முன்னால் போனதில்லை. சந்தியில் குறுக்கே வந்த ஒரு காரை அம்மா கையைக் காட்டியே நிறுத்திவிட்டார்.

தம்பிகளே, பாடம் கேட்டீர்கள் அல்லவா? டயருக்குக் காற்றடித்த பிறகு அளவெடுங்கள். வீட்டைத் தாங்க ஒரு பொருளும் லோரியைக் கழற்ற இன்னொரு பொருளும் வாங்குங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சிக்கனம் என்று தோன்றும். அப்படித் தோன்றினால் கொஞ்சம் உட்கார்ந்து யோசித்துவிட்டு எழுந்திருங்கள். உங்களை நம்பவில்லை என்று வாயால் சொல்கிறவர்களின் வார்த்தையை மட்டும் கேட்டுவிட்டு முடிவுக்கு வராதீர்கள். போன் அறுந்த பிறகு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பொறுத்திருந்து பாருங்கள். இதை எழுதும்போது கிண்டல் செய்ய வரவில்லை, மன்னிக்கவும்.

வீட்டுக்கு வந்தோம். எதிர்வீட்டு அக்கா எப்போதோ வந்து தூணுக்கு அடியில் இரண்டு பலகையும் ஒரு செங்கல்லும் செருகிவிட்டுப் போயிருந்தார். தூண் தானாகவே அசையாமல் நின்றது. அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, சட்டை நனைய, அப்பா நின்றிருந்தார். செங்கல்லின்மேல் அவருக்கு நம்பிக்கை வரவில்லையாம்.

"பாஸா?" என்றார்.

"பாஸுப்பா."

"அப்ப விட்டுடலாமா?"

அம்மா மோட்டாரை ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே நடந்தார்.

"கொஞ்சம் புடிச்சிட்டிருங்க. வேலைக்குப் போயிட்டு வந்த புள்ள, மொதல்ல டீ குடிக்கட்டும்."