சித்தப்பாவின் உள்ளங்கை

எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, அஜக்ஸ் நகரில் சித்தப்பா வீட்டு பேஸ்மென்டில் யாரோ இருக்கிறார்கள் என்று நம்பினேன். நாங்கள் டோர்செட் பார்க் பகுதியில் பதினோராம் மாடியில் இருந்தோம்; ஒரு வீட்டுக்கு அடியில் இன்னொரு வீடு இருட்டாகக் கிடக்கும் என்பதே எனக்குப் புதிது. மார்ச் விடுமுறைக்கு அங்கே போனால் மாலையில் கீழேயிருந்து முணுமுணுப்பு வரும். பேசுவது சித்தப்பாதான். யாரோடு என்பதுதான் தெரியவில்லை.

ஊரில் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த மனிதர், இங்கே சுடும் கழகத்தில் சேர்ந்து ரிவோல்வர் வாங்கியது குடும்பத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. கடைத் தோட்டாவும் அவருக்குப் பிடிக்காது. கோடையில் பின்வளவில் ஈயம் உருக்கித் தோட்டா முனைக்குச் சன்னம் வார்ப்பார். அதை நானும் கண்டிருக்கிறேன். குளிர்காலத்தில் கீழே இருந்து ஒவ்வொரு சன்னத்தையும் இரும்பு வளையம் ஒன்றுக்குள் அழுத்தி ஒரே அளவாக்குவார். மயிரிழை பருத்தாலும் இறுகும், மெலிந்தால் குழாயில் ஈயம் அப்பும் என்பார். வெடிமருந்தைக் கையேட்டில் உள்ள ஆகக் குறைந்த அளவில் தொடங்கி, சுட்டு, தோட்டாவின் வெறும் கோதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் துளி கூட்டுவார். ஒரு கோதில் மருந்து இரண்டு தரம் விழுந்துவிட்டால் துவக்கு கையிலேயே வெடிக்கும். அதனால் மருந்திட்ட ஐம்பது கோதுகளையும் வரிசையாக நிறுத்தி, ரோர்ச் அடித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் பார்த்து வாய்விட்டு எண்ணுவார். அந்த நேரத்தில் எவரும் இறங்கக்கூடாது. முணுமுணுப்பின் காரணம் எனக்குப் பிற்காலத்தில்தான் தெரிந்தது. அன்று கதவிடுக்கால் கண்டதெல்லாம், இருட்டில் குனிந்து ஓட்டைகளோடு பேசும் ஒரு முதுகுதான்.

அந்த வெள்ளிக்கிழமை சித்தி வழக்கம்போலப் புகை அலாரத்துக்குப் பிளாஸ்டிக் பை கட்டிவிட்டு, அடுப்பில் கரி மூட்டி, தூபக்காலில் சாம்பிராணி போட்டார். மேல் அறைகளுக்குக் காட்டிவிட்டு வரச்சொல்லி என்னிடம் தந்துவிட்டுத் தொலைபேசியில் அமர்ந்தார். சித்தி அதில் அமர்ந்தால் ஒரு மணி நேரம் நிச்சயம். சாம்பிராணி கெட்டதை விரட்டும் என்று அவரே சொல்லியிருந்தார். கெட்டது இருப்பது கீழே. நான் கீழே இறங்கினேன்.

புகை எனக்கு முன்னால் படியிறங்கியது. முணுமுணுப்பு நின்றது. ரோர்ச் வெளிச்சம் என் முகத்தில் விழுந்து, தூபக்காலுக்கு இறங்கி, அங்கேயே நின்றது. மேசையில் கோதுகள் வாய் திறந்து வரிசையாக நின்றன. பக்கத்தில் மருந்துப் போத்தல் திறந்தபடி. ஒரு பொறி போதும் என்பது எனக்குத் தெரியாது. திட்டு விழும் என்று நின்றேன். சித்தப்பா போத்தலை மெல்ல மூடிவிட்டு வந்து, தூபக்காலுக்குக் கீழே கையை ஏந்தினார்.

"பிள்ளை, உதைச் சரிக்காதை," என்றார். அது அவருடைய குரல் போலவே இல்லை. "ஒரு படி பின்னால வை. நில். பாப்பம். இன்னும் ஒரு படி."

"சித்தப்பா, எனக்குப் பயமாயிருக்கு."

"ஓம், எனக்கும்தான்."

பெரிய மனிதரே பயப்படுகிறார் என்றால் கீழே நிச்சயம் யாரோ இருக்கிறார்கள். பாவாடை காலில் தடுக்கி, தூபக்கால் ஒரு முறை சரிந்தது. அவர் ஏந்திய கையைச் சட்டென்று மூடிக்கொண்டார். குரல் மாறவில்லை. நில், பாப்பம், இன்னும் ஒரு படி. மருந்து கூட்டும் அதே நிதானத்தில் பதின்மூன்று படிகளும் என்னைப் பின்பக்கமாகவே ஏற்றினார். அவர் தோளுக்குப் பின்னால் இருந்த இருட்டை மட்டும் நான் பார்த்துக்கொண்டே ஏறினேன். மேலே வந்ததும் தூபக்காலை வாங்கிப் போய் வெளியே பனியில் கவிழ்த்தார்.

மறுநாள் அந்த ஐம்பது கோதுகளையும் கொட்டி முதலிலிருந்து தொடங்கினார். எண்ணிக்கையை எதில் விட்டேன் என்று தெரியாதாம். உள்ளங்கையில் துணிக்கட்டு, சோற்றைக் கரண்டியால் தின்றார். கை என்ன என்று சித்தி கேட்டதற்கு, உருக்கிய ஈயம் தெறித்துவிட்டது என்றார். சித்தி வாய்க்கு வந்தபடி ஏசினார். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

கோடையில் மட்டும்தான் ஈயம் உருக்குவார் என்பது எனக்குத் தெரியும். யன்னலுக்கு வெளியே முழங்காலளவு பனி கிடந்தது. ஆனாலும் நான் அதை நம்பினேன். என் கவலையெல்லாம், கீழே இருந்தவர் போய்விட்டாரா என்பதுதான்.