மலை எங்கே தொடங்குகிறது?

இந்த ஜப்பானில் கையெழுத்துக்கு மரியாதை கிடையாது. பென்சில் தடிமனில் ஒரு மரக்கட்டை, அதன் நுனியில் செதுக்கிய உங்கள் பெயர். அதைச் சிவப்பு மையில் ஒற்றிக் குத்தினால்தான் நீங்கள் ஒரு ஆள். ஹன்கோ என்பார்கள். வங்கியில் குத்த வேண்டும், பார்சல் வாங்கக் குத்த வேண்டும். ஆபீசில் தினமும் காலையில் ஒரு அட்டை மேசை மேசையாகச் சுற்றி வரும். அதில் ஏதோ எழுதியிருக்கும். ஒவ்வொருவரும் அவரவர் கட்டத்தில் குத்திவிட்டுப் பக்கத்து மேசைக்குத் தள்ளுவார்கள். நானும் குத்தித் தள்ளினேன். ரெட்டிபாளையம் பக்கத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தபோது வருகைப் பதிவேட்டில் படித்துப் பார்த்துவிட்டா கையெழுத்துப் போட்டேன்? இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. இன்று அந்த அட்டையை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் குத்துகிறேன்.

காரணம், வந்த முதல் குளிர்காலத்தில் நடந்தது. எண்பதுகளின் தொடக்கம். சிமெண்ட் சூளை பராமரிப்பில் ஓராண்டுப் பயிற்சி என்று அரியலூரிலிருந்து என்னை இங்கே அனுப்பியிருந்தார்கள். ஒரு நாள் வழக்கம்போல அட்டையில் குத்தினேன். மதியம் எங்கள் பிரிவுத் தலைவர் கொண்டோ-சான் ஒரு காகிதக் கட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்து என் முன்னால் குனிந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அரை ஆங்கிலமும் அரை ஜப்பானியமுமாகச் சொன்னதைக் கூட்டிப் பார்த்ததில் தெரிந்தது இது: பிப்ரவரியில் பிரிவிலுள்ள பதினோரு பேரும் ஒரு மலைக்கிராமத்துக்குப் பனிச்சறுக்குக்குப் போகிறோம், இரண்டு இரவு. ஏற்பாடு முழுவதும் கான்ஜியின் பொறுப்பு. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவன்தான் கான்ஜி, அது இங்கே வழக்கம். நானே அதற்குச் சம்மதித்து ஹன்கோவும் குத்தியிருக்கிறேன்.

எங்கள் ஊரில் புதிதாகச் சேர்ந்தவனை நம்பி டீ வாங்கி வரச் சொல்லவே யோசிப்பார்கள். அது போகட்டும், தொல்லை வேறு இடத்தில் இருந்தது. நான் மலை ஏறக் கூடாது.

என் மனைவி வசந்தா அரியலூரில் ஐந்து மாதம். நான் கிளம்பும்போது யாருக்கும் தெரியாது. நவம்பர் கடைசியில்தான் கடிதம் வந்தது. சேதியை வசந்தா எழுதியிருந்தாள். அடியில் என் அம்மா சொல்லச் சொல்ல நாலு வரி: "கடல் தாண்டுனது தெரியாமத் தாண்டுனது, அத சாமி கணக்குல எடுத்துக்காது. இனிமே முடி வெட்டாத, எழவு வூட்டுக்குப் போவாத. மலை ஏறாத. ஒங்கையக் கும்புட்டுக் கேட்டுக்கிறேன்." பெண்டாட்டி வயிற்றில் பிள்ளையிருக்கும்போது புருஷன் செய்யக் கூடாதவை இவை என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். டிப்ளமோ படித்தவன் இதையெல்லாம் நம்பலாமா என்று நீங்கள் கேட்கலாம். நான் நம்பவில்லை. ஆனால் முடியும் வெட்டவில்லை. கொண்டோ-சான் முடிதிருத்தும் கடையின் வழியை மூன்று முறை வரைபடம் போட்டுக் கொடுத்தார். மூன்று முறையும் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

இதற்கு முன்பு எங்களுக்கு இரண்டு முறை கரு கலைந்திருக்கிறது. முதல் முறை வசந்தாவுக்கு மூன்றாவது மாதம். பெரம்பலூர்ச் சிநேகிதன் ஒருவன் தன் பிள்ளைக்குச் செட்டிகுளம் மலைக்கோயிலில் மொட்டை போட்டான். கூப்பிட்டான், போனேன். படியடியில் செருப்பை விடும்போது எனக்கு ஞாபகம் வந்தது, ஏறலாமா கூடாதா என்று. இதெல்லாம் ஒரு இதா என்று சிரித்துக்கொண்டே ஏறினேன். பத்தாம் நாள் வசந்தாவைத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனோம். அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வசந்தாவும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன். படியில் சிரித்ததை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

அதனால் ஒரு முடிவு செய்தேன். மற்ற பத்துப் பேருக்கும் குறையில்லாமல் ஏற்பாடு செய்துகொடுப்பது, கடைசியில் நான் மட்டும் நழுவிக்கொள்வது. ஏற்பாடு என்றால் நம் ஊர் ஏற்பாடு இல்லை. கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்கு நாங்கள் இருபது பேர் போவதென்றால், "காலையில கெளம்பிடலாம்" என்று அப்பா சொல்வார். ஏற்பாடு அதோடு முடிந்தது. இங்கே எத்தனை நிமிடத்தில் ரயில் மாறுவது, எந்தப் பெட்டியில் ஏறினால் படிக்கட்டுக்குக் கிட்ட இறங்கலாம், யார் யாருக்கு எந்த அளவுப் பூட்ஸ், குளிப்பது எத்தனை மணிக்கு என்று எழுதி, சின்னப் புத்தகமாகக் கட்டி ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும். நான் பனியைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. மலையடியில் ஒரு குடும்பத்தார் தங்கள் வீட்டையே விடுதியாக நடத்தினார்கள்; மின்ஷுகு என்பார்கள். அங்கே ஃபோன் போட்டு, எழுதிவைத்த நாலு வாக்கியத்தை ஒப்பித்தேன். மறுமுனையில் ஒரு பெண் குரல் நிறையப் பேசியது. நான் எல்லாவற்றுக்கும் "ஹை", அதாவது சரி, என்று சொன்னேன். எதற்கெல்லாம் சொன்னேனோ தெரியாது.

பெயர்ப் பட்டியலில் பத்துப் பேர் எழுதிக் கொடுத்தேன். கொண்டோ-சான் அதைப் பார்த்துவிட்டு, சிவப்புப் பென்சிலால் பதினொன்றாவதாக என் பெயரைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் மறுபடி பத்து எழுதினேன். மறுபடி சிவப்புப் பென்சில். மூன்றாம் முறை அவர் முகத்தில் கவலை தெரிந்தது. எனக்கு எண்ணத் தெரியாது என்று நினைத்தாரோ, என்னைச் சேர்க்க மாட்டார்கள் என்று நான் பயப்படுவதாக நினைத்தாரோ. தோளைத் தொட்டு, "நீங்களும் எங்கள் ஆள்தான்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று சொல்லிவிட்டேன். அப்போது எனக்குத் தெரிந்த ஜப்பானியச் சொற்கள் நூறு இருக்கும். அதில் மனைவி இருந்தது, குழந்தை இருந்தது, மலை இருந்தது, கூடாது இருந்தது. ஏன் கூடாது என்பதற்குத்தான் சொல் இல்லை. கொண்டோ-சான் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, "ஓமெதெத்தோ" என்று வாழ்த்துச் சொல்லி, நேராகப் போய் ஃபோனை எடுத்து மின்ஷுகுவுக்குப் பேசினார். சரி, ஒரு ஆளைக் குறைக்கிறார் என்று எனக்கு உயிர் வந்தது. அவர் திரும்பி வந்து சொன்னது வேறு.

"ஓகாமி-சான் சொல்கிறார், நீங்கள் கட்டாயம் வர வேண்டும்." ஓகாமி-சான் என்பது மின்ஷுகு நடத்தும் அம்மாள். கொண்டோ-சான் காகிதத்தில் ஒரு மலை வரைந்தார், ஒரு குதிரை, ஒரு கயிறு. அந்த அம்மாளின் ஊரில் முன்பெல்லாம் ஒரு பெண்ணுக்குப் பிரசவ நேரம் வந்தால், புருஷன் குதிரையைப் பிடித்துக்கொண்டு மலையை நோக்கிப் போவானாம். மலையில் இருக்கும் பெண்தெய்வம் வந்தால்தான் பிள்ளை சுகமாகப் பிறக்கும். குதிரை எங்கே நின்று உடம்பைச் சிலிர்க்கிறதோ, அங்கே தெய்வம் ஏறிக்கொண்டது என்று அர்த்தம். அப்படியே வீட்டுக்கு ஓட்டி வருவானாம். "மனைவிக்குக் குழந்தை வரப்போகிறது, நீங்கள் மலைக்கு வரவில்லை என்றால் எப்படி?" என்று கேட்டார்.

எங்கள் சாமி போகாதே என்கிறது. இவர்கள் சாமி நான் வராமலிருந்தால் கோபித்துக்கொள்ளும். பிள்ளையோ அரியலூரில் இருக்கிறது. யார் பேச்சைக் கேட்பது? அரியலூரில் பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஜப்பான் மலைத் தெய்வம் பொறுப்பா? செட்டிகுளத்து விதி இந்த மலைக்குச் செல்லுமா? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் எல்லாவற்றையும் வசந்தாவுக்கு எழுதினேன். செட்டிகுளத்துப் படியில் சிரித்ததையும் எழுதினேன்.

கிளம்புவதற்கு நாலு நாள் முன்பு பதில் வந்தது.

"அத்தைகிட்ட இதப் படிச்சுக் காட்டல. செட்டிகுளம் போனதாலதான் அப்புடி ஆச்சுன்னு நீங்க மனசுல வச்சுக்கிட்டுக் கெடந்தது எனக்குத் தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். ரெண்டாவது தடவ நீங்க எந்த மலைக்கும் போவல, முடிகூட வெட்டல. அப்பவும் தங்கலையே? அத ஏன் மறந்துட்டீங்க? போங்க, போவாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பயமா இருக்கு. இங்க யார்கிட்டயும் அதச் சொல்ல முடியல, ஒங்ககிட்ட சொல்றேன்."

போவதா வேண்டாமா என்று கேட்டவனுக்கு இது பதில் இல்லை. ஆனால் அவள் பயத்தில் பாதி என் கைக்கு வந்துவிட்டது போல இருந்தது. போகிறேன், ஆனால் ஏற மாட்டேன் என்று தீர்மானித்தேன். மலையடிக் கிராமத்தோடு நின்றுகொள்வது. இதைவிட நியாயமான வழி எனக்குத் தோன்றவில்லை.

அந்த நியாயம் ரயிலிலேயே கெட்டது. ரயில் ஊர்ந்து ஊர்ந்து மேலே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஸ்டேஷன் பலகையிலும் பெயரோடு உயரத்தையும் எழுதி வைத்திருந்தார்கள். நாங்கள் இறங்கிய ஸ்டேஷன், மலை "அடி", செட்டிகுளம் மலையைப் போல மூன்று நாலு மடங்கு உயரத்தில் இருந்தது. எங்கள் ஊர் மலை யோக்கியமான மலை. இது முதல் படி, இங்கே செருப்பை விடு, இதற்குமேல் ஏறினால் ஏறியதுதான் என்று சொல்லிவிடும். இந்த மலைக்கு முதல் படி எது? நான் எப்போது ஏறினேன்? பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனிலேயே நின்றேன். கான்ஜியைக் காணோம் என்று பத்துப் பேரும் என் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தேடி வந்து கூட்டிப்போனார்கள்.

மறுநாள் காலை எல்லாரும் நாற்காலி லிஃப்டில் மேலே போனார்கள். நான் கீழே நின்றேன். ஓகாமி-சான் தொழுவத்திலிருந்து பழைய கயிறு ஒன்றை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். குதிரைகள் போய் எத்தனையோ வருடமாயிற்றாம், கயிறு மட்டும் கிடந்திருக்கிறது. மேலே ஏற மாட்டேன் என்று கையால் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு, குதிரை எங்கே வேண்டுமானாலும் நிற்கும் என்றார். அல்லது அப்படிச் சொன்னதாக நான் புரிந்துகொண்டேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பனியில் ஒரு மணி நேரம் நின்றேன். நடுவில் ஒருதரம் கயிறு கனத்தது. நனைந்தால் கயிறு கனக்கும், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் யாரோ ஏறிக்கொண்டதைப் போல அதைப் பத்திரமாகப் பிடித்து மின்ஷுகுவரை நடந்து வந்தேன். கொண்டோ-சான் மேலிருந்து இறங்கி வந்தபோது அப்படியே என்னை ஒரு படம் எடுத்தார்.

வைகாசியில் தந்தி வந்தது. பெண் குழந்தை, இருவரும் சுகம். படித்துவிட்டு ஆபீஸ் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நான் மலை ஏறாததால் பிறந்தது என்று அம்மா எழுதச் சொல்லியிருந்தாள். நான் மலைக்கு வந்ததால் பிறந்தது என்று ஓகாமி-சான் கொண்டோ-சானிடம் சொல்லி அனுப்பினார். நான் இரண்டு பேருக்கும் ஆமாம் என்றேன்.

அந்தப் படத்தில் இரண்டு பிரதி போட்டோம். ஒன்று மின்ஷுகுவின் கூடத்தில் மாட்டியிருக்கிறது: குல்லாய் போட்ட நான், கயிறு, பின்னால் தலைக்குமேலே முழு மலை. இன்னொன்றை அம்மாவுக்கு அனுப்பினேன். இங்கேயே வேலை என்றாகி, வசந்தாவையும் பிள்ளையையும் அழைத்துவர ஊருக்குப் போனபோது அரியலூர் வீட்டுச் சுவரில் அதைப் பார்த்தேன். மலையைக் காணோம். அம்மா கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டி எடுத்துவிட்டாள். வெள்ளைத் தரையில் நான் மட்டும் கயிற்றோடு நிற்கிறேன். "பாரு, மலையே இல்ல. நீ எங்க போன?" என்றாள் அம்மா, தயங்காமல்.

வெட்டிய துண்டைக் குப்பையில் போட வசந்தாவுக்கு மனம் வரவில்லை. புடவை மடிப்பில் வைத்து இங்கே கொண்டுவந்துவிட்டாள். இப்போது அது என் ஹன்கோ இருக்கும் டப்பாவில்தான் கிடக்கிறது. ஒவ்வொரு முறை கட்டையை எடுக்கும்போதும் கண்ணில் படும்: ஆளில்லாத ஒரு வெள்ளை மலை. அம்மாவால் நேராக வெட்ட முடியவில்லை போலிருக்கிறது. அந்த மலையின் அடியில் என் குல்லாயின் நுனி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.